மணல் ரயில் வழிவிட்டது

தங்கை எஸ்தருக்குப் பேறுகாலத்தில் துணைக்கு ஆள் வேண்டும் என்றுதான் நான் அமெரிக்கா போனேன். அம்மா இல்லை. அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போவதற்கே இரண்டு நாள் யோசிப்பவர். இராஜபாளையத்தில் நான் சூப்பர்வைசராக இருக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் லீவு சொன்னேன். முதலாளி முகத்தைச் சுளித்தாலும் கொடுத்துவிட்டார். மகனையும் வீட்டுக்காரரையும் நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டு, காயப்பொடி, சுக்கு, பூண்டு, இரண்டு டப்பா பால்கோவா சகிதம் விமானம் ஏறினேன்.

விமான நிலையத்துக்கு எஸ்தரின் கணவர் சாமுவேல் வந்திருந்தார். காரில் அரை நாள் பயணம். அது விஸ்கான்சின் மாநிலம். பங்குனி வெயிலிலிருந்து வந்தவளுக்கு, சாலையோரத்தில் அழுக்காகக் கிடந்த பனியைப் பார்த்ததும் பல் கிட்டியது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் சாமுவேல் ஒரு பொட்டலம் வாங்கித் தந்தார். உள்ளே வெள்ளைவெள்ளையாகப் பாலாடைக்கட்டித் துண்டுகள். கடித்தால் பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் வந்தது.

“சத்தம் வந்தாத்தான் மதினி புதுசு. நாளைக்குச் சத்தம் வராது” என்றார்.

கொஞ்சம் உப்புக் கூடினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் ஊர் போய்ச் சேர்வதற்குள் பொட்டலம் காலி.

ஊர் என்றால் ஒரே தெருதான். ஒரு சர்ச், ஒரு மதுக்கடை, ஒரு தபாலாபீஸ், நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் குன்றுகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தினமும் பார்த்து வளர்ந்த எனக்கு அவற்றை மலை என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் குன்றுகளுக்குள்தான் மணல் இருக்கிறது. அந்த மணலைச் சலித்து விற்கும் ஆலையில்தான் சாமுவேல் எலக்ட்ரிகல் என்ஜினீயர்.

மறுநாள் விடியற்காலையில் வீடு லேசாக அதிர்ந்தது. ஜன்னல் திரையை விலக்கினேன். பின்பக்க வேலிக்கு அப்பால் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத, கதவில்லாத சாம்பல் நிறப் பெட்டிகள். எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். பெட்டிகள் முடிகிற மாதிரி இல்லை.

“மணல் வண்டி. ஆளு ஏறுத வண்டி இந்தப் பக்கம் கெடையாதுக்கா” என்றாள் எஸ்தர், படுக்கையில் இருந்தபடியே. “மணலுக்குன்னே போட்ட லைன். ஆலையில தொடங்கி ஜங்ஷன் வரைக்கும் போவும். அங்க பெரிய லைன்ல சேந்துரும்.”

கீழே ரயில்வே கேட்டில் மூன்று கார்கள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒருவர் கதவைத் திறந்து இறங்கி, காபியைக் குடித்துக்கொண்டே வண்டியை வேடிக்கை பார்த்தார். எங்கள் ஊரில் செங்கோட்டை வண்டிக்குக் கேட் போட்டால், பைக்கைச் சாய்த்துக் குனிந்து அந்தப் பக்கம் போகாதவன் ஆம்பளையே இல்லை. நானும் ஸ்கூட்டியில் ஒருமுறை அப்படிப் போய் போலீஸ்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாமுவேல் ஆலையைக் காட்டக் கூட்டிப்போனார். தலைக்குத் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்கை இறுகப் பிடிக்கிற முகமூடி. எல்லாம் மாட்டாமல் உள்ளே விட மாட்டோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த மணல் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராதாம். நூல் மில்லில் பஞ்சு தின்றே இருமல் பிடித்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் முகமூடியைக் கழுத்துக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்து நான் கத்தாத நாள் இல்லை. இங்கே யாரும் கத்தவில்லை. யாரும் கழற்றவும் இல்லை.

உள்ளே குன்றை வெட்டிக் கழுவி, காயவைத்து, சல்லடையில் ரகம் பிரித்து, உயரமான உருளைத் தொட்டிகளில் ஏற்றுகிறார்கள். தொட்டிக்கு நேர் கீழே தண்டவாளம். பெட்டி வந்து நின்றதும் மேல்மூடி வழியாக மணல் இறங்குகிறது. சாமுவேல் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டு, ஒரு பூதக்கண்ணாடியையும் கொடுத்தார். நம் ஆற்று மணல் மாதிரி இல்லை. ஒவ்வொரு மணியும் கடுகு போல உருண்டை. நிறம் ரவை.

“இது எங்க போவுது தம்பி?”

“பாதி எண்ணெய்க் கெணத்துக்கு. பாறையில வெடிப்பு உண்டாக்கி, அது மூடிக்கிடாம இருக்க இதத்தான் உள்ள அனுப்புதாங்க. மிச்சம் கண்ணாடி செய்ய, இரும்பு வார்க்க.”

சர்ச்சில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் பொரித்துப் போடுவார்கள் என்று எஸ்தர் சொன்னாள். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்து வழக்கம். நானும் போனேன். நீள மேசைகள், எதிரெதிரே நாற்காலிகள், ஆளுக்கு இரண்டு துண்டு மீன், கோஸ் பச்சடி, ரொட்டி. வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் சபையின் அசனப் பந்தி நினைவுக்கு வந்தது. சாம்பார் வாளிதான் இல்லை. மீனில் மிளகாய் என்பது பேச்சுக்குக்கூட இல்லை.

அங்கேதான் டெப்பைப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, நல்ல உயரம், நரைத்த சடை, ஆரஞ்சு நிறச் சட்டை. சமையலறை வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் ஊர் ரயில்வேயில் கீமேன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பாரே, அந்த வேலை அவருக்கு. ஆனால் நடப்பதில்லை. தண்டவாளத்தில் ஓடுகிற ஒரு டிரக் வைத்திருக்கிறார். சாலையில் ஓடும்போது ரப்பர் சக்கரம். தண்டவாளத்துக்கு வந்ததும் முன்னும் பின்னும் சின்ன இரும்புச் சக்கரங்களை இறக்கிவிட்டால் போதும்.

“நீ என்ன வேலை செய்கிறாய்?” என்று கேட்டார்.

“காயத்துக்குக் கட்டும் துணி. நூறு பெண்கள் என் பொறுப்பில்.”

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “என் பொறுப்பில் ஒரு லைன், ஒரு நாய்” என்றார்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. எங்கள் ஊரில் மழை வந்தால் சந்தோஷம். பிளவக்கல் அணை நிறைந்ததா என்று கேட்டு போன் வரும். இங்கே ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. குன்றுகளிலிருக்கும் பனியும் சேர்ந்து உருகினால் ஆறு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தபோது ஆறு சாலையின் மேல் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கென்று எஸ்தருக்கு வலி கண்டது.

வலி மட்டும் என்றால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கொஞ்ச நாளாகவே அவளுக்கு பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, ஒன் மொகம் ரெண்டு ரெண்டா தெரியுது” என்றாள்.

சாமுவேல் அவசர எண்ணுக்கு போன் செய்தார். ஆம்புலன்ஸ் ஜங்ஷன் ஊரில் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் அங்கேதான். சாலை மூழ்கிவிட்டது. மேகம் தாழ இறங்கியிருப்பதால் ஹெலிகாப்டர் வராது. ஆற்றில் மரங்கள் அடித்துக்கொண்டு வருவதால் படகும் விட முடியாது. எதிர்முனையில் இருந்த பெண் எஸ்தரை இடது பக்கமாகப் படுக்க வைக்கச் சொன்னாள். வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பதாகவும் சொன்னாள்.

சாமுவேல் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னலைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் தண்டவாளம் மட்டும் மண்மேட்டின் மேல் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

“மதினி, செத்த நேரம் இவளப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு மழையில் ஓடினார்.

டெப் அன்று வீட்டுப் பக்கத்து ரயில்வே கேட்டருகேதான் டிரக்கோடு நின்றிருந்தார். லைனைப் பார்ப்பதற்காக விடியும் முன்பே வந்திருக்கிறார். சாமுவேல் சொல்லி முடிப்பதற்குள் டிரக்கை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிட்டார். எஸ்தரையும் என்னையும் பின் சீட்டில் ஏற்றினார். கேட்டுக்குப் போய் இரும்புச் சக்கரங்களை இறக்கிவிட்டு, வாக்கி டாக்கியை எடுத்தார். லைனைக் கவனிக்கிற கட்டுப்பாட்டு அறை இரண்டு மாநிலம் தள்ளி எங்கோ இருக்கிறதாம். அந்தப் பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது.

“ஜங்ஷன் வரை எனக்கு லைன் வேண்டும்.”

“ஆலைக்கு வரவேண்டிய காலி வண்டி ஒன்று இருக்கிறது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. எதற்கு லைன்?”

“பிரசவ வலியில் ஒரு பெண். அவள் புருஷன், அவள் அக்கா. மூன்று பேர் என் வண்டியில் இருக்கிறார்கள்.”

ஆள் ஏறுகிற வண்டி இந்தப் பக்கம் கிடையாது என்று எஸ்தர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. டெப் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மழை துடைப்பான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

“வண்டியை ஓரப் பாதைத் தண்டவாளத்தில் ஒதுக்கச் சொல்கிறேன்” என்றது குரல். “லைன் உன்னுடையது, டெப். நீ சொல்கிற வரை வேறு எதுவும் அசையாது.”

டிரக் கிளம்பியது. நான் நினைத்த வேகத்தில் போகவில்லை. இரண்டு பக்கமும் காபி நிறத் தண்ணீர். ஒரு கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது. எஸ்தர் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். வலி வரும்போதெல்லாம் என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். நான் வாய்க்குள்ளேயே ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

பாலத்துக்கு முன்னால் டிரக் நின்றது. டெப் இறங்கினார்.

“எதுக்கு நிக்காவ?” என்று எஸ்தர் கேட்டாள்.

எனக்கும் அதே கேள்விதான். கதவைத் திறந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன். அவளுக்குக் கண் தெரியவில்லை, நிற்க நேரம் இல்லை, ஓட்டுங்கள் என்றேன்.

டெப் திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். “பாலத்தை நடந்து பார்க்காமல் உங்களை அதில் ஏற்ற மாட்டேன்” என்றார். பிறகு ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு மழையில் போனார்.

அவர் மெதுவாகத்தான் நடந்தார். குனிந்து பார்த்தார், கம்பியால் தட்டினார், மறுபடி நடந்தார். அந்த நேரத்தில் அவரை நான் மனதுக்குள் திட்டியது கடவுளுக்குத்தான் தெரியும். பாலத்தின் அந்தக் கோடியில் நின்று ஜல்லிக்குள் கம்பியைக் குத்தினார். கம்பி முழுக்க உள்ளே போய்விட்டது.

திரும்பி வந்தவர் சாமுவேலிடம் சொன்னார்: “பாலத்துத் தூண்கள் நன்றாக இருக்கின்றன. அதைத் தாண்டினதும் தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. பாரம் ஏறினால் அந்தக் கோடி இறங்கும், டிரக்கைப் பாலத்தில் ஏற்ற முடியாது. பாலத்தின் ஓரத்து நடைபாதை உறுதியாக இருக்கிறது, ஆள் நடக்கலாம். அவளால் நடக்க முடியுமா?”

நான் எஸ்தரின் முகத்தைத் துடைத்தேன்.

“ஏட்டி, நடப்பியா?”

“எம்புட்டு தூரம்?”

“நம்ம கோயில் வாசல்லருந்து பீடம் வரைக்கும் வையி. அதப்போல ஒரு நாலு மடங்கு.”

“நடப்பேன்” என்றாள்.

டெப் வாக்கி டாக்கியில் மறுபடி பேசினார். இந்த முறை ஓரப் பாதையில் நின்ற ரயிலின் டிரைவரோடு. அவர் பெயர் டேல். “டேல், பெட்டிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் கொண்டு வா. மண் அரித்த இடத்துக்கு நூறடி முன்னாலேயே நின்றுவிடு.”

“வருகிறேன்” என்ற ஒரு சொல்தான் பதில்.

அந்தப் பாலத்தை நாங்கள் கடந்த விதத்தை நான் இருக்கிறவரை மறக்க மாட்டேன். நடைபாதை ஒரு ஆள் அகலம். இரும்புச் சல்லடை போட்ட தரை, அதன் வழியே கீழே ஆறு ஓடுவது தெரியும். டெப் எஸ்தருக்கு முன்னால், அவள் முகத்தைப் பார்த்தபடி நின்று, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பின்பக்கமாகவே நடந்தார். நான் எஸ்தரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சாமுவேல் பையோடு கடைசியில் வந்தார்.

“கீழே பார்க்காதே. என் மூக்கைப் பார். கொஞ்சம் கோணலான மூக்கு, பார்க்கலாம்” என்றார் டெப்.

“ரெண்டு மூக்கு தெரியுது” என்று எஸ்தர் தமிழில் சொன்னாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

பாதியில் ஒரு வலி வந்தது. எல்லோரும் நின்றோம். ஒரு மரம் வேரோடு வந்து கீழே தூணில் மோதியது, கால் வழியாக அதிர்வு ஏறியது. டெப்பின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வலி அடங்கும்வரை அவர் எஸ்தரோடு சேர்ந்து மூச்சை உள்ளே இழுத்தார், அவளோடு சேர்ந்து விட்டார். பிறகு மறுபடி பின்பக்கமாக ஒரு எட்டு வைத்தார்.

மண் அரித்த இடத்தைக் குன்றின் ஓரமாகப் பாறையைப் பிடித்துத் தாண்டினோம். அங்கே இன்ஜின் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தால் அது இரண்டு மாடி வீடு. டேல் என்கிற பருத்த மனிதர் இறங்கி ஓடி வந்தார். ஏணிப்படியில் அவரும் சாமுவேலும் எஸ்தரைத் தூக்கி ஏற்றினார்கள். டேல் தன் கோட்டைக் கழற்றித் தரையில் விரித்திருந்தார். டிரைவர் அறைக்குள் டீசல் வாடையும் நல்ல கதகதப்பும் இருந்தன.

டெப் ஏறவில்லை. “பாலத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். இன்ஜின் பின்னோக்கி நகர்ந்தபோது அவர் கம்பியை ஊன்றிக்கொண்டு மழையில் தனியாக நின்றார்.

கொஞ்ச தூரத்தில் ஓரப் பாதையில் அந்தக் காலி மணல் வண்டி நின்றது. பெட்டி பெட்டியாக அது ஜன்னலோரத்தில் நீண்டுகொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியின் அருகில் டேலின் உதவியாளர் விளக்கோடு நின்று, போகலாம் என்று கையை வீசினார். நான் பிறந்ததிலிருந்து ரயிலுக்காகத்தான் கேட்டில் நின்றிருக்கிறேன். அன்று அத்தனை நீளமான ரயில் என் தங்கைக்காக ஒதுங்கி நின்றது.

ஜங்ஷன் கேட்டில் ஆம்புலன்ஸ் தயாராக இருந்தது. ஆஸ்பத்திரியில் எஸ்தரை நேரே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். நானும் சாமுவேலும் நனைந்த துணியோடு நடைகூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் அழுதார். நான் அழவில்லை. பிறகு ஒரு நர்ஸ் வந்து பெண் குழந்தை என்றும், தாயும் பிள்ளையும் நலம் என்றும் சொன்னாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எஸ்தருக்கு ஜன்னி கண்டிருக்கும் என்றும் சொன்னாள். அப்போதுதான் நானும் அழுதேன்.

அப்பாவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“ரயில் இன்ஜின்லயா போனிய?”

“ஆமாப்பா.”

“டிக்கெட்டு எடுத்தியளா?”

“இன்ஜினுக்கு டிக்கெட்டு கெடையாதுப்பா.”

அப்பா, “அந்தம்மா பேரு என்ன சொன்ன? டெப்பா? ஞாயித்துக்கெழம கோயில்ல பேரு சொல்லி ஜெபிக்கச் சொல்லுதேன். அந்த டிரைவரு பேரையும் சொல்லு. நம்ம சபை ஐயரு பேரு என்னன்னு கேப்பாவ” என்றார். இரண்டு பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பகலில் டெப் வந்தார். மழை விட்டிருந்தது. உடம்பெல்லாம் சேறு. அறை வாசலிலேயே நின்று, பூட்ஸை அவிழ்த்து வெளியே வைத்தார். எங்கள் ஊரில் வீட்டுக்குள் நுழைகிற மாதிரியே இருந்தது. முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். எஸ்தர் படுத்தபடியே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆள் ஏற்றியதற்காக மேலே யாரும் கோபித்தார்களா என்று சாமுவேல் கேட்டார்.

“ஒரு அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பதிலின் அடியில், குழந்தை எத்தனை பவுண்டு என்று கட்டுப்பாட்டு அறையில் கேட்கிறார்கள் என்று குறிப்பு வந்தது” என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் மடியில் பிள்ளையை வைத்தேன். அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பாலத்துக்கு அப்பால் மண் நிரப்புவதைப் பற்றிச் சாமுவேலிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பார்த்தால் தலை சாய்ந்து தூங்கிவிட்டார். இரவெல்லாம் லைனிலேயே இருந்திருக்கிறார். நான் பிள்ளையை மெல்ல எடுத்து எஸ்தரிடம் கொடுத்துவிட்டு, என் சால்வையை அவர் மேல் போர்த்தினேன்.

அவர் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. “டெப், ஜல்லி வண்டி வந்துவிட்டது. எங்கே இருக்கிறாய்? டெப்?”

அவர் அசையவில்லை. சாமுவேல் எழுப்புவதற்காகக் கையை நீட்டினார். நான் தடுத்தேன். கருவியைக் கழற்றி, அவர் அழுத்துவதைப் பார்த்திருந்த அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

“டெப் தூங்குகிறார். நான் நேற்று இன்ஜினில் வந்த பெண்ணின் அக்கா. கொஞ்ச நேரம் பொறுங்கள்” என்றேன்.

பிறகு அந்தக் குரல் முன்னைவிடத் தணிந்து வந்தது.

“சரி அம்மா. தூங்கட்டும். நாங்கள் இங்கேயே நிற்கிறோம்.”

சத்தத்தைக் குறைத்து, அதை அவர் மடியில் வைத்தேன்.